பட்டா நொடியில் வருகிறது… பத்திரமாக இருக்கிறதா?

சர்வர்களில் எஸ்எஸ்டி: வேகம் எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு?



ஆடிப்பெருக்கு அன்றோ, தை மாத முகூர்த்த நாளிலோ சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். பதிவுத்துறையும் இதை எதிர்பார்த்தே அந்த நாட்களில் கூடுதல் டோக்கன் அறிவிக்கிறது. ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் 100 டோக்கனுக்குப் பதில் 150. இரண்டு சார்பதிவாளர் இருந்தால் 200க்குப் பதில் 300. ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு, சங்ககிரி என்று எல்லா ஊரிலும் ஒரே காலை நேரத்தில், ராகு காலம் தொடங்குவதற்குள் பத்திரம் பதிந்துவிட வேண்டும் என்று மக்கள் காத்திருப்பார்கள். இன்னும் ஆயிரக்கணக்கானோர் அதே நேரத்தில் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் வில்லங்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்போது திரையில் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருந்தால் நம் வாயில் வரும் முதல் வார்த்தை, "சர்வர் ஸ்லோங்க!"

சர்வர் ஏன் ஸ்லோ ஆகிறது? இப்போது எங்கே பார்த்தாலும் 'எஸ்எஸ்டி சர்வர்' என்கிறார்களே, அது வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. நம் நிலத்தின் பட்டா, குழந்தையின் பிறப்புச் சான்று, லாரியின் ஆர்.சி. எல்லாம் அந்தச் சிறிய சில்லுக்குள் இருக்கிறதே, அது பத்திரமானதா? இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

உங்கள் கைப்பேசிக்குள் இருப்பதும் அதேதான்

எஸ்எஸ்டி என்பது ஏதோ பெரிய ஊரில் இருக்கும் புதுமை இல்லை. உங்கள் கைப்பேசியில் '128 ஜிபி ஸ்டோரேஜ்' என்று போட்டிருக்கிறதே, அதுவும் இதே ஃபிளாஷ் மெமரிதான். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்தது. கரண்ட் போனாலும் எழுதியது அழியாது. உள்ளே அசையும் பாகம் எதுவும் கிடையாது.

பழைய ஹார்ட் டிஸ்க் அப்படி இல்லை. அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அதன்மேல் ஒரு சிறு கை அங்குமிங்கும் நகர்ந்து தகவலைப் படிக்கிறது. பழைய கிராமபோன் தட்டையும் முள்ளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தகவல் வேண்டுமென்றால் கை அந்த இடத்துக்கு நகர வேண்டும், தட்டு சுற்றி அந்த இடம் முள்ளுக்குக் கீழே வர வேண்டும். இதற்கு ஏறக்குறைய 10 மில்லி நொடி ஆகும். அதாவது நொடிக்குச் சுமார் 100 இடங்களைத்தான் அது தொட முடியும்.

எஸ்எஸ்டியில் நகர வேண்டியது எதுவும் இல்லை. சாதாரண எஸ்எஸ்டிகூட நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைப் படிக்கும். சர்வர்களில் போடும் என்விஎம்இ வகை லட்சக்கணக்கில் படிக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

நீங்கள் சர்வே எண்ணைப் போட்டு பட்டா கேட்கிறீர்கள். அதற்காக சர்வர், டேட்டாபேஸில் 20 இடங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒருவர் மட்டும் கேட்டால் ஹார்ட் டிஸ்க்குக்கும் கால் நொடிகூட ஆகாது. வித்தியாசமே தெரியாது.

ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால்? 20,000 இடங்கள். நொடிக்கு 100 என்றால் வரிசையில் கடைசியாக நிற்பவருக்கு 200 நொடி, அதாவது மூன்று நிமிடத்துக்கு மேல். அதற்குள் அவர் பொறுமையிழந்து பக்கத்தை இரண்டு முறை ரீஃப்ரெஷ் செய்வார். ஒவ்வொரு ரீஃப்ரெஷும் வரிசையில் இன்னொரு ஆள். கூட்டம் மேலும் கூடும்.

இதே வேலையை நொடிக்கு 50,000 இடம் படிக்கும் எஸ்எஸ்டி அரை நொடிக்குள் முடித்துவிடும்.

நிஜமான தரவு மையங்களில் ஒரே ஒரு டிஸ்க் இருக்காது, பல டிஸ்க்குகள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். அடிக்கடி கேட்கப்படும் தகவலை மெமரியிலேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. ஆனாலும் கணக்கின் சாரம் மாறாது. ஒருத்தர் கேட்கும்போது எஸ்எஸ்டியின் அருமை தெரியாது. பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையிலும், முகூர்த்த நாளிலும், விண்ணப்பிக்கக் கடைசித் தேதியிலும்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லாத் தாமதத்துக்கும் டிஸ்க் காரணமில்லை. உங்கள் தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடுதான் வருகிறதா, ஓடிபி வர நேரமாகிறதா, வங்கியின் பணப்பரிமாற்றம் நிற்கிறதா, சாஃப்ட்வேர் சரியாக எழுதப்படவில்லையா, இவை எதையும் எஸ்எஸ்டி சரிசெய்யாது.

நாமக்கல் லாரிக்கு இதில் என்ன?

நம் பகுதிக்கு இது வெறும் அலுவலக விஷயமில்லை. நாமக்கல், சங்ககிரி லாரிகள் நாடு முழுக்க ஓடுகின்றன. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் வடமாநிலங்களில் மாதக்கணக்கில் நின்று வேலை பார்க்கின்றன. டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டும் ஆர்.சி., ஓட்டுநர் உரிமத்தை அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. நள்ளிரவில் ஏதோ ஒரு மாநில எல்லையில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால், டிரைவர் கைப்பேசியைத்தான் எடுக்கிறார். அந்த நேரத்தில் எங்கோ ஒரு சர்வர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் தாமதமானால் லோடு தாமதம். முட்டை லோடாக இருந்தால் நஷ்டம் இன்னும் சீக்கிரம்.

நில ஆவணத்திலும் அப்படித்தான். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பதிவுக்கு முன் ஒருமுறை வில்லங்கம் பார்ப்பவருக்கு அந்த ஒரு பக்கம்தான் பாதுகாப்பு. பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 திட்டம் 2018 பிப்ரவரியில் தொடங்கியதிலிருந்து பதிவு வேலை முழுக்க ஆன்லைனுக்கு வந்துவிட்டது. பட்டா, சிட்டா தமிழ்நிலம் வழியாக வருகிறது. வருமானம், சாதி, இருப்பிடச் சான்றுகள் இ-சேவை வழியாக வருகின்றன. சென்னை பெருங்குடியில் எல்காட் நிறுவனம் மாநிலத் தரவு மையத்தை நடத்துகிறது. மேட்டூரில் இருந்து நீங்கள் தொடும் ஒரு பொத்தானுக்குப் பதில், இப்படி ஏதோ ஒரு மையத்தில் உள்ள டிரைவிலிருந்துதான் வருகிறது.

எஸ்எஸ்டி கெட்டுப்போகுமா?

போகும். அசையும் பாகம் இல்லை என்பதால் தேய்மானமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை.

ஃபிளாஷ் சில்லில் ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்த அறை கொஞ்சம் தேய்கிறது. சிலேட்டில் திரும்பத் திரும்ப எழுதி அழித்தால் நாளடைவில் எழுத்து பதியாதல்லவா, அதுபோல. அதனால்தான் ஒவ்வொரு எஸ்எஸ்டிக்கும் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்று நிறுவனம் ஒரு அளவு தருகிறது. கடையில் கிடைக்கும் பல 500 ஜிபி டிரைவ்களுக்கு அந்த அளவு 300 டெராபைட். தினமும் 40 ஜிபி எழுதினாலும் 20 வருடம் தாங்கும் கணக்கு. வீட்டுக்கு இது தாராளம்.

சர்வருக்கு அது போதாது. அங்கே இரவு பகலாக எழுத்து வேலை நடக்கும். ஆகவே சர்வருக்கென்றே தயாராகும் டிரைவ்களுக்கு, முழுக் கொள்ளளவையும் தினம் ஒரு முறை, ஐந்து வருடத்துக்கு எழுதலாம் என்பது போன்ற அளவு தருகிறார்கள். 1 டெராபைட் டிரைவ் என்றால் மொத்தம் 1,825 டெராபைட். கரண்ட் திடீரென்று போனால், பாதியில் இருக்கும் எழுத்தை முடிக்க உள்ளேயே சிறு மின்தேக்கிகளும் இருக்கும். விலை கூடுதலாக இருப்பதற்கு இவையும் காரணம்.

இதில் ஆச்சரியமான விஷயம் ஒன்று. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும் சேர்ந்து, கூகுள் தரவு மையங்களில் ஆறு வருடம் ஓடிய எஸ்எஸ்டிகளை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் எஸ்எஸ்டியைக் கழற்றி மாற்ற வேண்டிய தேவை குறைவு. நான்கு வருடத்தில் 4 முதல் 10 சதவீதம்தான். ஆனால் அதே நான்கு வருடத்தில் 20 சதவீதத்துக்கும் மேற்பட்ட டிரைவ்களில், சரிசெய்ய முடியாத படிப்புப் பிழை ஒருமுறையாவது வந்திருக்கிறது. அதாவது டிரைவ் உயிரோடு இருக்கிறது, ஆனால் உள்ளே ஒரு பக்கம் மட்டும் படிக்க முடியாமல் போய்விட்டது. அந்தப் பக்கம் உங்கள் சர்வே எண்ணாக இருந்தால்?

ஹார்ட் டிஸ்க் கெடுவதற்கு முன் பெரும்பாலும் 'கட கட' என்று சத்தம் போடும், மெதுவாகும். எஸ்எஸ்டி பல நேரங்களில் நேற்று மாலை வரை நன்றாக ஓடிவிட்டு இன்று காலை எழுந்திருக்கவே எழுந்திருக்காது. முன்னெச்சரிக்கை குறைவு.

ஒரே நேரத்தில் பிறந்தவை, ஒரே நேரத்தில் போனால்?

2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் ஒரு அவசர அறிவிப்பு வெளியிட்டது. அதன் சர்வர்களில் உள்ள சில எஸ்எஸ்டி மாடல்கள், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளில் நேரத்தை எண்ணும் இடத்தில் நடந்த பிழை அது. அதற்குள் புது மென்பொருளை ஏற்றாவிட்டால் டிரைவும் மீளாது, தகவலும் மீளாது. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரத்தில் இதேபோல ஆகும் என்று இன்னொரு அறிவிப்பு வந்தது.

ஒரு டிரைவ் போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று சர்வர்களில் இரண்டு டிரைவ்களில் ஒரே தகவலை எழுதுவார்கள். இதற்கு ரெய்டு என்று பெயர். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் பொருத்தி, ஒரே நேரத்தில் ஓடவிட்டால், மணிக் கணக்கும் ஒரே நேரத்தில்தானே முடியும்?

2022 ஜூலையில் அமெரிக்காவின் ஹேக்கர் நியூஸ் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்துக்கு நடந்தது அதுதான். முதன்மை சர்வரின் டிரைவ்கள் போயின. அதற்கு மாற்றாக வைத்திருந்த சர்வரின் டிரைவ்களும் சில மணி நேரத்துக்குள் போயின. இரண்டும் சுமார் நாலரை வருடம் ஓடியவை. அந்த 40,000 மணி நேரக் கோளாறே காரணமாக இருக்கும் என்று கருதப்பட்டது. தனியாக எடுத்து வைத்திருந்த பேக்கப் இருந்ததால் வேறு இடத்தில் தளத்தை மீண்டும் எழுப்ப முடிந்தது.

தென்கொரியாவில் நடந்தது இன்னும் பெரிய பாடம். 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில், பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான அரசுக் கணினிச் சேவைகள் நின்றன. பலவற்றைப் பேக்கப்பிலிருந்து மீட்டார்கள். ஆனால் அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற சேவையின் 858 டெராபைட் தகவல் போனது போனதுதான். அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே பேக்கப் வைக்கப்படவில்லை. உலகின் மிக முன்னேறிய மின் ஆளுமை நாடுகளில் ஒன்றில் நடந்தது இது.

இந்த மூன்று சம்பவங்களும் சொல்வது ஒன்றே. டிரைவ் எவ்வளவு வேகமானது, எவ்வளவு விலையுயர்ந்தது என்பதால் தகவல் பத்திரமாகிவிடாது. தனித்தனி இடங்களில் பிரதி இருப்பதுதான் பத்திரம்.

அப்படியானால் எது பாதுகாப்பு?

தரவு மையம் நடத்துபவர்கள் கடைப்பிடிக்கும் எளிய விதி ஒன்று உண்டு: மூன்று–இரண்டு–ஒன்று. தகவலுக்கு மூன்று பிரதிகள். அவை இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில். அவற்றில் ஒன்று வேறு ஊரில்.

ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டு டிரைவிலும் அந்த நொடியே அழிந்துவிடும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை இணையத் தாக்குதல் முடக்கியபோது, நோயாளிப் பதிவையே பல நாட்கள் கையால் எழுத வேண்டியிருந்தது. நெட்வொர்க்கோடு சேராத தனிப் பிரதி ஏன் வேண்டும் என்பதற்கு அது உதாரணம்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது; அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்தும் பார்க்க வேண்டும்.

இ-சேவை மையம், கடை, பண்ணை நடத்துகிறீர்களா?

உங்கள் பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறதென்றால், புது கம்ப்யூட்டர் வாங்கும் முன் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். வித்தியாசம் முதல் நாளே தெரியும். கூடவே இவற்றையும் கவனியுங்கள்:

• யுபிஎஸ் கட்டாயம். கடைகளில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டிகள் பலவற்றில் கரண்ட் போகும்போது காப்பாற்றும் மின்தேக்கி இருக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பில் கணக்கு கெட்டுப்போகலாம்.

• சிசிடிவிக்கு எஸ்எஸ்டி வேண்டாம். கோழிப்பண்ணையிலோ லாரி ஷெட்டிலோ எட்டு கேமரா, ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ் என்றால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 345 ஜிபி எழுதும். 300 டெராபைட் அளவுள்ள எஸ்எஸ்டி இரண்டரை வருடத்துக்குள் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். இதற்கென்றே வரும் கண்காணிப்பு ஹார்ட் டிஸ்க் விலையும் குறைவு, பொருத்தமும் அதிகம்.

• பழைய எஸ்எஸ்டியைப் பீரோவில் போட்டு மறந்துவிடாதீர்கள். ஃபிளாஷில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது. கரண்ட் இல்லாமல் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கசியும். எழுதும் அளவு முழுக்கத் தீர்ந்துபோன நிலையிலும், சாதாரண டிரைவ் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடமும், சர்வர் டிரைவ் 40 டிகிரியில் மூன்று மாதமும் தகவலைத் தாங்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் அமைப்பு வகுத்த தரம். புது டிரைவ் இதைவிட அதிகம் தாங்கும். ஆனால் சூடு ஏற ஏற அந்தக் காலம் குறையும். சேலம், நாமக்கல் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பீரோவின் சூட்டை நீங்களே நினைத்துப் பாருங்கள். பல வருடம் எடுத்து வைக்க வேண்டிய கணக்குக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் நல்லது.

• மணிக் கணக்கைப் பாருங்கள். டிரைவ் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆயுள் எத்தனை சதவீதம் மீதி என்று காட்டும் இலவச மென்பொருட்கள் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

• விற்கும் முன் முழுதாக அழியுங்கள். உங்கள் மையத்துக்கு வந்தவர்களின் ஆதார் நகல் அதில் இருக்கும். கோப்பை டெலீட் செய்வது மட்டும் போதாது. டிரைவ் நிறுவனத்தின் மென்பொருளில் உள்ள 'செக்யூர் எரேஸ்' வசதியைப் பயன்படுத்துங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

சர்வர் பக்கம் செய்ய வேண்டியதை அரசு செய்யும். உங்கள் பக்கமும் ஒரு பிரதி இருப்பது உங்களுக்குத்தான் நல்லது.

1. பட்டா, வில்லங்கச் சான்று, சாதிச் சான்று என்று எது கிடைத்தாலும் திரையில் பார்த்ததோடு விடாதீர்கள். பிடிஎஃப் கோப்பாக இறக்கி வையுங்கள். ஒரு தாள் பிரதியும் எடுத்து அசல் பத்திரத்தோடு வையுங்கள்.

2. டிஜிலாக்கர் கணக்கு தொடங்குங்கள். அதில் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று 2016ஆம் ஆண்டு டிஜிட்டல் லாக்கர் விதிகளின் 9ஏ பிரிவு சொல்கிறது. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றும் நகலுக்கு அந்தத் தகுதி கிடையாது. அது உங்கள் வசதிக்கு மட்டும்.

3. கைப்பேசியை மட்டும் நம்பாதீர்கள். போர்டு கெட்டுவிட்டால், உள்ளே தகவல் பூட்டப்பட்ட நிலையில் இருப்பதால் கடைக்காரராலும் மீட்க முடியாமல் போகலாம்.

4. முகூர்த்த நாளில் பதிவு இருந்தால் வில்லங்கத்தை முந்தைய நாள் இரவே பார்த்துவிடுங்கள். அதற்குள் புதிதாக ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று காலையில் ஒருமுறை பார்த்தால் போதும்.

5. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் திரும்பத் திரும்ப ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள். பணம் போய் ரசீது வரவில்லையென்றால், மறுபடி பணம் கட்டும் முன் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100க்கு அழையுங்கள்.

6. உங்கள் பட்டாவில் பெயர், சர்வே எண், பரப்பளவு சரியா என்று வருடம் ஒருமுறையாவது பாருங்கள். தவறு இருந்தால் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுங்கள். எந்த டிரைவும் தப்பாக எழுதியதைத் தானாகத் திருத்தாது. தப்பையும் அதே வேகத்தில்தான் காட்டும்.

ஒரு காலத்தில் ஒரு சிட்டா நகலுக்கு வி.ஏ.ஓ.வைத் தேடி இரண்டு நாள் அலைந்தோம். இன்று அது டீ ஆறுவதற்குள் கையில் வந்துவிடுகிறது. அந்த வேகத்தில் எஸ்எஸ்டிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஆவணத்தைக் காப்பது பிரதிதான். இந்த வாரம் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் குடும்பத்தின் முக்கியமான ஐந்து ஆவணங்களுக்கு இரண்டாவது இடத்தில் ஒரு பிரதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.